மீன் சாகிறதா? மருந்து வாங்கும் முன் தொட்டியைப் பாருங்கள்

"அண்ணா, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, ஆனா மீன் ஒவ்வொண்ணா செத்துப்போகுது." தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் வீட்டில் கப்பி, மோலி, ஃபைட்டர் வளர்க்கிற பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கடையில் போய்ச் சொன்னால் பெரும்பாலும் நீல மருந்தோ மஞ்சள் மருந்தோ கிடைக்கும். மருந்து தேவைப்படும் நேரமும் உண்டு. ஆனால் சின்ன மீன்களுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பகுதி தொட்டியிலிருந்தே தொடங்குகிறது. அதன் கொள்ளளவு, வடிவம், வைத்திருக்கும் இடம், ஊற்றும் தண்ணீர் ஆகியவை சரியில்லாதவரை எந்த மருந்தும் நிற்காது. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறியையும் தொட்டியோடு சேர்த்தே பார்க்கிறேன். உங்கள் மீனிடம் தெரிகிற அறிகுறி எதுவோ, அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம்.

அதற்கு முன் இரண்டு விவரம் கையில் வேண்டும். முதலாவது, தொட்டி எத்தனை லிட்டர்? டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் அளந்து பெருக்கி, 61 ஆல் வகுத்தால் லிட்டர் வந்துவிடும். 24 × 12 × 12 அளவுள்ள இரண்டடித் தொட்டி ஏறத்தாழ 56 லிட்டர். மேலே விடும் இடைவெளியும் கல்லும் போக, உண்மையில் நிற்கும் தண்ணீர் 45 முதல் 48 லிட்டர். 12 × 8 × 8 அளவுள்ள ஓரடித் தொட்டி பன்னிரண்டரை லிட்டர்தான். உள்ளே நிற்பது பத்து. மேசைமேல் வைக்கும் கண்ணாடிக் கிண்ணம் மூன்று முதல் ஐந்து லிட்டர். இரண்டாவது, என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்: போர் தண்ணீரா, ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரா, கேன் தண்ணீரா, கலந்ததா? இந்த இரண்டும் தெரியாமல் யாரும் உங்களுக்குச் சரியான வழி சொல்ல முடியாது.

மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது

முதலில் மீன் எது என்று பாருங்கள். ஃபைட்டர் என்றால் அது அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்குவது இயல்பு. செவுளோடு காற்றையும் நேரடியாகச் சுவாசிக்கும் ஓர் உறுப்பு அதற்கு உண்டு. கப்பி, பிளாட்டி, ஜீப்ரா, தங்கமீன் இப்படிச் செய்தால் ஆக்சிஜன் பற்றவில்லை, அல்லது செவுள் கெட்டிருக்கிறது.

எந்த நேரத்தில் நடக்கிறது என்பது அடுத்த கேள்வி. விடியற்காலையில் மட்டும் நடந்து, வெயில் ஏறியதும் சரியாகிவிடுகிறதா? செடி நிறைய உள்ள தொட்டி, அல்லது மீன் நெருக்கமான தொட்டி. இரவில் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். இரவு முழுக்க ஏர் பம்ப் ஓடட்டும்.

ஏப்ரல், மே மதியங்களில் மட்டும் என்றால் சூடுதான் காரணம். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்து நிற்கும். 35 டிகிரியில் அது 6.9 ஆகக் குறையும். அதே நேரத்தில் சூட்டில் மீனின் உடல் வேகமாக இயங்குவதால் அதற்கு ஆக்சிஜன் அதிகம் தேவை. வரவு குறையும்போது செலவு கூடுகிறது. சிமென்ட் ஷீட் போட்ட வீட்டில், மேற்குச் சுவரை ஒட்டி வைத்த பத்து லிட்டர் தொட்டி ஒரே மதியத்தில் சுட்டுவிடும். தொட்டியை வீட்டின் உள்பக்கச் சுவருக்கு மாற்றுங்கள். தண்ணீர்ப் பரப்பின்மேல் காற்று படும்படி ஒரு சின்ன விசிறியை வையுங்கள். ஆவியாவதால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியை நேராகப் போட வேண்டாம். சட்டென்று குளிர்ந்தால் அது வேறு நோயில் கொண்டுபோய் விடும்.

நேரம் காலம் இல்லாமல் எப்போதும் மேலேயே நிற்கிறதா? அப்படியானால் தொட்டியின் வடிவத்தைப் பாருங்கள். ஆக்சிஜன் உள்ளே நுழையும் வாசல் தண்ணீரின் மேற்பரப்பு. நீளவாக்கில் வைத்த இரண்டடித் தொட்டியின் மேற்பரப்பு 24 × 12, அதாவது 288 சதுர அங்குலம். அதே தண்ணீரை 12 × 12 அடிப்பாகமும் 24 அங்குல உயரமும் உள்ள கோபுரத் தொட்டியில் ஊற்றினால் 144 தான், பாதி. வரவேற்பறை மூலைக்கு அழகாக இருக்கிறது என்று வாங்கும் அறுகோணத் தொட்டி, தூண் தொட்டி எல்லாவற்றிலும் இந்தக் குறை உண்டு. மாற்ற முடியாவிட்டால் மீனைப் பாதியாகக் குறைத்து, ஏர் பம்பின் குழாய் முனையில் மாட்டும் காற்றுக்கல்லை அடிமட்டத்தில் போட்டு, பம்பை நிறுத்தாமல் ஓட்டுங்கள். உருண்டைக் கிண்ணமாக இருந்தால் கழுத்துவரை ஊற்றுவதை இன்றே நிறுத்துங்கள். கிண்ணத்தின் அகலமான இடத்தோடு தண்ணீர் நின்றால் பரப்பு கூடும்.

கரண்ட் போகும்போது மட்டும் மீன் திணறினால், அந்தத் தொட்டி தாங்கக்கூடியதைவிட அதிக மீன் அதில் இருக்கிறது என்று பொருள். பம்ப் இல்லாமலும் சில மணிநேரம் மீன் அமைதியாக இருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வைப்பதில் தவறில்லை. ஆனால் மீனைக் குறைப்பதுதான் உண்மையான சிகிச்சை.

காற்று, சூடு, வடிவம் எல்லாம் சரி, செவுள் மட்டும் சிவந்து தெரிகிறது என்றால் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

தண்ணீர் தெளிவாக இருக்கிறது, ஆனால் புதுத் தொட்டியில் மீன் ஒவ்வொன்றாகச் சாகிறது

புதிதாக மீன் வளர்க்கத் தொடங்குகிறவர்கள் மனமுடைந்து கைவிடுவது இங்கேதான்.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. அது நிறமில்லாதது, தண்ணீர் தெளிவாகவே இருக்கும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டி வளர வேண்டும். இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் கடையிலிருந்து பத்துப் பதினைந்து மீனைக் கொண்டுவந்து விட்டால், நுண்ணுயிர் வரும் முன்னே விஷம் ஏறிவிடுகிறது.

நம் பக்கத்துப் போர் தண்ணீரில் இந்தத் தொல்லை ஒரு படி கூடுதல். கடினத்தன்மையுள்ள நீரில் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) பெரும்பாலும் ஏழரைக்கு மேல்தான் இருக்கும். பிஎச் 7 இலிருந்து 8 ஆக ஏறினால், அம்மோனியாவில் மீனுக்கு விஷமாகும் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. சூடு ஏறினால் இன்னும் கூடும். ஒரே அளவு கழிவு மென்மையான தண்ணீரில் மீனைச் சோர்வாக்கும் என்றால், நம் தண்ணீரில் கொன்றே விடலாம். சின்னத் தொட்டி பராமரிக்கச் சுலபம் என்று கடையில் சொல்வதை நம்பாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். பத்து லிட்டரில் கிடக்கும் ஒரு செத்த மீன் அல்லது ஒரு பிடி அதிகத் தீனி எல்லாவற்றையும் அழித்துவிடும். ஐம்பது லிட்டர் அதே தவற்றைத் தாங்கிக்கொண்டு உங்களுக்கு ஒரு நாள் அவகாசம் கொடுக்கும்.

இப்போதே செய்ய வேண்டியது: இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள். சின்ன மீன் அதனால் பட்டினியில் சாகாது. தினமும் கால் பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, குளோரின் போன, அதே சூடுள்ள தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். மீன் நன்றாக வாழும் பழைய தொட்டி யாரிடமாவது இருந்தால், அவர்களுடைய ஸ்பாஞ்ச் ஃபில்டரில் ஒன்றையோ அடிக்கல்லில் ஒரு பிடியையோ வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் தொட்டியில் போடுங்கள். இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது. சொட்டு மருந்து வடிவில் வரும் சோதனை கிட் தபாலில் வாங்கலாம். அதில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை புது மீன் எதையும் விடாதீர்கள்.

தொட்டி பழையது, ஆனாலும் இதே மாதிரி சாகிறது என்றால் ஞாயிற்றுக்கிழமைச் சுத்தத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். மீனை பக்கெட்டில் விட்டு, கல்லையும் ஃபில்டரையும் குழாயடியில் பளபளவென்று கழுவி, முழுத் தண்ணீரையும் மாற்றுகிறீர்களா? அப்படிச் செய்தால் வாரம் ஒருமுறை உங்கள் தொட்டி புதுத் தொட்டியாகிவிடுகிறது. ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் இரண்டு பிழி பிழிந்தால் போதும். கல்லை வெளியே எடுக்கவே வேண்டாம்.

தண்ணீர் மாற்றிய அன்றே சாகிறது

ஃப்ளோரைடு அதிகமான நிலத்தடி நீரால் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட மாவட்டங்கள் நம்முடையவை. அதைத் தீர்ப்பதற்காகத்தான் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 இல் தொடங்கி வைக்கப்பட்டது. மனிதர்களுக்கு அது நல்ல தண்ணீர். மீனுக்கும் நல்லதுதான், ஆனால் குளோரின் போன பிறகு. குழாயில் வந்ததை நேராக ஊற்றினால் செவுள் எரிந்துபோகும். வாய் அகன்ற பக்கெட்டில் பிடித்து ஒரு நாள் முழுக்க வையுங்கள். காற்றுக்கல் போட்டால் இன்னும் சீக்கிரம் போய்விடும். அவசரமென்றால் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியை அளவோடு கலக்கலாம். தெருவில் மேல்நிலைத் தொட்டியைக் கழுவி ப்ளீச்சிங் பவுடர் போட்ட நாட்களில் வரும் தண்ணீரைத் தொடவே வேண்டாம்.

போர் தண்ணீரில் குளோரின் இல்லை, அதனால் நேராக ஊற்றலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆழத்திலிருந்து வரும் நீரில் ஆக்சிஜன் குறைவாகவும் கரியமில வாயு அதிகமாகவும் இருப்பதுண்டு. அதையும் ஓர் இரவு திறந்து வையுங்கள்.

மூன்றாவது சந்தேகம் மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டி. மதியம் இரண்டு மணிக்கு அதிலிருந்து வரும் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள், தெரியும். தண்ணீர் மாற்றுவதைக் காலையில் வைத்துக்கொள்வது நல்லது.

இவை எதுவும் இல்லையென்றால், ஒருவாரம் போர், மறுவாரம் ஒகேனக்கல் என்று மாற்றி மாற்றி ஊற்றுகிறீர்களா? இரண்டின் உப்பளவும் வேறு. மீன் எதற்கும் பழகிக்கொள்ளும், ஆனால் ஒரே நாளில் பழகாது. ஏதாவது ஒன்றில் நில்லுங்கள். ஒரு நேரத்தில் கால் பங்குக்கு மேல் மாற்றாதீர்கள்.

கண்ணாடியில் வெள்ளை உப்புக் கோடு; சில மீன் மட்டும் தங்குவதே இல்லை

தண்ணீர் மட்டம் இறங்கிய இடத்தில் சுண்ணாம்பு போல வெள்ளைக் கோடு படிந்தால் கடின நீர் என்று உறுதி. அதில் நியான் டெட்ரா வாங்கி விட்டு, சாகிறதே என்று வருந்துவதில் பயனில்லை. அது அமேசான் பகுதியின் மென்மையான நீரில் வந்த மீன். கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் நான்கும் கடின நீரை விரும்புகிறவை. போர் தண்ணீர் மட்டுமே உள்ள வீட்டுக்கு நான் இவற்றைத்தான் சொல்வேன், குறிப்பாக மோலியை.

கேன் தண்ணீரை மட்டுமே ஊற்றுவது இன்னொரு கோடியில் போய் நிற்பது. கேனில் வருவது பெரும்பாலும் ஆர்ஓ முறையில் சுத்திகரித்த நீர். அதில் தாது மிகக் குறைவு. பிஎச் நிலையாக நிற்காது. போர் தண்ணீரோடு கலந்து ஊற்றுங்கள், எப்போதும் ஒரே விகிதத்தில்.

ஆவியான அளவுக்கு மேலே மேலே ஊற்றிக்கொண்டே இருப்பது பலருடைய பழக்கம். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு உள்ளேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். வாரம் ஒருமுறை கொஞ்சம் எடுத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். அழகுக்குப் போட்ட கடற்சிப்பி, மார்பிள் சில்லு இருந்தால் எடுத்துவிடுங்கள், அவையும் கடினத்தைக் கூட்டும். கிரானைட் சில்லு அப்படிச் செய்யாது. நம் ஊரில் அதற்குப் பஞ்சமுமில்லை. முனை மழுங்கியதாகப் பார்த்து, நன்றாகக் கழுவிப் போடுங்கள்.

உடம்பில் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளி

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு மார்கழி, தையில் அதிகம் வருவது. ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலுக்கும் இரவுக்கும் சூட்டில் பெரிய வித்தியாசம். ஐந்து லிட்டர் கிண்ணம் அந்த வித்தியாசத்தை அப்படியே மீனிடம் கொடுத்துவிடும். மீனின் உடல் தளர்ந்த நேரம் பார்த்து, இந்தப் புள்ளிகளை உண்டாக்கும் ஒட்டுண்ணி பெருகும்.

நாற்பது ஐம்பது லிட்டர் தொட்டிக்கு தெர்மோஸ்டாட் உள்ள 50 வாட் ஹீட்டர் போதும். ஒன்றிரண்டு நாளில் மெதுவாக 28 முதல் 30 டிகிரிக்கு ஏற்றி, காற்றைக் கூட்டுங்கள். கப்பி, மோலி என்றால் லிட்டருக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் கல் உப்பைக் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். கெளுத்தி வகை மீன் இருந்தால் உப்பில் கவனம் தேவை. புள்ளி மறைந்ததும் நிறுத்திவிடாதீர்கள். மீனின் தோலுக்குள் இருக்கும்போது அந்த ஒட்டுண்ணியை எதுவும் செய்ய முடியாது. அது உதிர்ந்து, பெருகி, தண்ணீரில் நீந்தும்போதுதான் உப்பும் மருந்தும் அதைப் பிடிக்கும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடருங்கள். கிண்ணத்தில் ஹீட்டர் போட நினைக்க வேண்டாம், சூப்பாகிவிடும். மீனைப் பெரிய தொட்டிக்கு மாற்றுவதே வழி.

தண்ணீர் பச்சையாகிறது

வெயில் படுகிறது, அல்லது விளக்கு அதிக நேரம் எரிகிறது. ஜன்னலை விட்டு நகர்த்துங்கள், விளக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும், தீனியைக் குறையுங்கள். பச்சைத் தண்ணீர் மீனைக் கொல்வதில்லை, பயப்பட வேண்டாம்.

காலையில் மீன் தரையில் கிடக்கிறது

மூடி இல்லை. கப்பி, ஜீப்ரா, ஃபைட்டர் மூன்றும் தாவும். கொசுவலைத் துணியைச் சட்டத்தில் அடித்துப் போட்டாலும் சரி. காற்றும் போகும், பல்லியும் விழாது. மூடியிருந்தும் தாவப் பார்த்தால் தண்ணீர் கெட்டிருக்கிறது, அம்மோனியாவைச் சோதியுங்கள்.

மீன் வளைந்து நெளிந்து, இடிபட்டு நீந்துகிறது

தொட்டி போதவில்லை. கடையில் கட்டைவிரல் அளவில் இருக்கும் தங்கமீன், நன்றாக வளர்த்தால் அரையடியைத் தாண்டும். பல ஆண்டு வாழும். கிண்ணத்தில் வைத்தால் சின்னதாகவே இருக்கும் என்று சொல்வார்கள். அது தன் கழிவிலேயே கிடந்து வளர்ச்சி குன்றிச் சாகிறது, அவ்வளவுதான். தங்கமீன்தான் வேண்டுமென்றால் மூன்றடித் தொட்டியாவது, இல்லையென்றால் முற்றத்தில் சிமென்ட் தொட்டி. பாசியைத் தின்னும் என்று விற்கும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரும். இரண்டடித் தொட்டிக்கு அது வேண்டவே வேண்டாம். ஏஞ்சல் மீனுக்குத் தொட்டியின் நீளத்தைவிட உயரம் முக்கியம், பதினைந்து பதினெட்டு அங்குலம் இல்லையென்றால் துடுப்பு அடிபடும். ஃபைட்டர் ஒன்று தனியாக இருக்க, பதினைந்து இருபது லிட்டரில் மூடி போட்ட தொட்டி நன்றாக இருக்கும்.

பெரிதாகிவிட்ட மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்ப்பவர் யாரிடமாவது கொடுங்கள். ஏரியிலோ தென்பெண்ணையிலோ கே.ஆர்.பி. அணையிலோ விட்டுவிடாதீர்கள். சக்கர் மீன் ஏரிகளில் பெருகி, வலையைக் கிழித்து, நம் மீன்களின் இடத்தைப் பிடிக்கிறது. ஏரி மீன்களை நம்பிப் பிழைக்கும் மீனவர்களுக்கு நாம் செய்யும் கெடுதல் அது.

தொட்டி கசிகிறது, அல்லது மூலையில் கீறல்

பெரும்பாலும் கண்ணாடி மேல் தப்பில்லை, அடியில் இருக்கும் மேசைமேல்தான். இரண்டடித் தொட்டி தண்ணீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து எழுபது கிலோ பக்கம் வரும். டிவி வைக்கும் பலகை அதற்கு வளைந்துவிடும். ஒரு மூலை தொய்ந்தால் ஒட்டு பிரியும். இரும்பு ஸ்டாண்டின்மேல் ஒரு கிரானைட் பலகையைப் போட்டு, அதன்மேல் அரை அங்குல தெர்மாகோல் விரித்து வையுங்கள். கிருஷ்ணகிரியில் கல் அறுக்கும் பட்டறைகளில் வெட்டுத் துண்டு கேட்டுப் பார்க்கலாம். மட்டம் பார்க்காமல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பன்னிரண்டு அங்குல உயரத்துக்கு 5 மி.மீ. கண்ணாடி போதும், பதினெட்டு அங்குலம் என்றால் 8 மி.மீ. கேளுங்கள். கண்ணாடியிலேயே கீறல் என்றால் ஒட்டுப்போட வேண்டாம், அந்தத் தொட்டியின் காலம் முடிந்தது. ஒட்டில் மட்டும் கசிவு என்றால், காலி செய்து காயவைத்து, பழைய சிலிக்கானை பிளேடால் முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு ஒட்டுங்கள். பழையதன்மேல் புதியது பிடிக்காது. பூஞ்சை தடுக்கும் மருந்து கலந்த குளியலறை சிலிக்கான் மீனுக்கு விஷம். ஒட்டியபின் குறைந்தது இரண்டு நாள், புளித்த வினிகர் வாசனை முழுக்கப் போகும்வரை காயட்டும். பிறகு வெளித் திண்ணையில் வைத்து முழுக்க நிரப்பி ஒருநாள் பாருங்கள். இரண்டாம் கையாக வாங்கும் தொட்டிக்கும் இதே சோதனை.

பெரிய தொட்டிக்கு மாற்றுவது என்று முடிவெடுத்தால்

மேலே உள்ளவற்றில் பாதிக்கு இதுதான் விடை என்பதால் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை வாங்குபவருக்கு 24 × 12 × 12 நீளத் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு மூடி. எட்டுப் பத்துக் கப்பியோ ஆறு பிளாட்டியோ அதில் தாராளமாக வாழும். கப்பி குட்டி போட்டுப் பெருகும் என்பதை மனதில் வைத்து, ஆணை மட்டும் வாங்குவதும் நல்ல யோசனை.

மீன் இப்போது பழைய தொட்டியில் இருந்தால், அந்தத் தொட்டியின் ஃபில்டரைக் கழுவாமல் புதியதில் போடுங்கள். கல்லையும் அப்படியே மாற்றுங்கள். பழைய தண்ணீரில் பாதியை ஊற்றி, மீதிக்குக் குளோரின் போன தண்ணீர். மீனைப் பையில் போட்டுப் பதினைந்து நிமிடம் மிதக்கவிட்டு, பைக்குள் புதுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பிறகு வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். அன்று தீனி வேண்டாம், விளக்கும் வேண்டாம். மறுநாள் காலையில் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள். எல்லா மீனும் வந்து தின்றால் சரி, ஒன்றிரண்டு ஒதுங்கி நின்றால் அம்மோனியா சோதனையை அன்றே செய்துவிடுங்கள்.